எந்தக் காரணத்துக்காகவும்

பல் டாக்டர் முப்பத்து நான்கு வருடம் மனிதர்களை வாயைத் திறக்கச் சொல்லியே காலம் தள்ளினார். ஓய்வு பெற்ற பிறகு மீன்களை மட்டும் வாயைத் திறக்கச் சொன்னார். இடுக்கி அதேதான். மீன்கள் முன்கூட்டியே நேரம் கேட்டு வருவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கிளினிக்கை மூடியபோது சாய்கிற நாற்காலியையும், மடக்கி நீட்டுகிற விளக்கையும், ஒரு தட்டு நிறைய இடுக்கிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை ஒன்பது மணிக்கு அதில் ஏறி உட்கார்ந்தாரானால் மதியம் வரை பொய் ஈ கட்டுவார். நகத்தில் பாதி அளவுள்ள தூண்டில் முள். அதன் மேல் பட்டுநூல். நூலுக்கு மேலே கோழிக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய வாத்திறகின் இழை. கட்டி முடித்ததும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிற பூச்சி மாதிரியே இருக்கும். ஒருமுறை வீட்டுப் பல்லி அதை நம்பி வந்து ஏமாந்து போனது. அந்தச் செய்தியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரு மாதம் சொன்னார்.

மீன்பிடிப்பைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. புழுவைக் காட்டி மீனைப் பிடிப்பது லஞ்சம், பொய் ஈயைக் காட்டிப் பிடிப்பது வாதம் என்பார். வலை போடுகிறவன் கொள்ளைக்காரன். பிடித்த மீனைத் தின்கிறவன் பசித்தவன், பாவம். திரும்ப ஆற்றில் விடுகிறவன்தான் மீன்பிடிப்பவன். இப்படியே நாற்பது வருடம் பிடித்து, நாற்பது வருடம் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஆத்துக்குப் போறவன் எல்லாம் பையில மீனோட வரான். எங்க வீட்டுக்காரர் ஈரக் காலோட வரார்" என்பாள் அவர் மனைவி.

அவள் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள். பல்வலிக்காரர்களை முப்பது வருடம் சமாளித்த அனுபவத்தில், எதையும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுவாள். சனிக்கிழமை தவறாமல் சந்தைக்குப் போய்ப் பெரிய துண்டுகளாக மீன் வாங்கி வருவாள். டாக்டர் மூன்று துண்டு சாப்பிடுவார். கேட்டால், "இது கடல் மீன். எனக்கும் இதுக்கும் பழக்கம் கிடையாது" என்பார்.

அவருடைய நிரந்தர எதிரி குடும்பத்துக்குள்ளேயே இருந்தான். மனைவியின் தம்பி, குழாய் வேலை செய்கிறவன். பக்கத்துத் தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு டப்பா மண்புழு, ஒரு பக்கெட், மடக்கு நாற்காலி ஆகியவற்றோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுவான். நாலு மீன் சிக்கினால் எழுந்துவிடுவான். நாலுக்கு மேல் வீட்டுச் சட்டியில் இடமில்லை என்பது அவனுடைய ஒரே சட்டம்.

"அந்தப் பக்கெட்டைப் பாத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்குது மாப்ளே" என்பார் டாக்டர்.

"பக்கெட்டைப் பாக்காதீங்க அத்தான், ஆத்தைப் பாருங்க" என்பான் அவன்.

ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி டாக்டர் மீன்வள அலுவலகத்துக்குப் பதினோரு வருடம் கடிதம் எழுதினார். எண்ணிட்ட பத்திகள், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, தட்டச்சு செய்த கடிதங்கள். குத்தினால் கழலாதபடி பின்னோக்கிய எதிர்முள் உள்ள கொக்கியைத் தடை செய்ய வேண்டும். ஒரு சாணுக்குக் குறைவான மீனைத் தொடக் கூடாது. முட்டையிடும் மூன்று மாதம் ஆற்றை மூட வேண்டும். பதில் வராத கோபத்தில் வருடா வருடம் கடிதத்தின் குரல் ஏறியது. கடைசிக் கடிதத்தை அவர் எழுதிய அன்று காலைதான் மைத்துனன், மீன்கள் முட்டையிடுகிற இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் பக்கெட்டோடு, அவரைப் பார்த்து டாட்டா காட்டியிருந்தான். அந்தச் சூட்டோடு வந்து உட்கார்ந்து, ஏழாவது பத்தியில் இப்படி அடித்தார்: 'மேற்படி மூன்று மாதமும் எந்த மனிதரும், எந்தக் காரணத்துக்காகவும், ஆற்றில் கால் வைக்கக் கூடாது.' பதினொன்றாவது பத்தியில், 'பக்கெட்டுடன் எவரும் கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் வரக் கூடாது' என்று சேர்த்த பிறகுதான் மூச்சு சீரானது.

அந்த வருடம் அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்: நான்கு நாளில் ஆற்றுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை அனுப்புக. அலமாரியைக் குடைந்து பார்த்தார். எலி கடித்த வருகைப் பதிவேடுகளுக்கு நடுவே, எண்ணிட்டு, ஓரம் விட்டு, பிழையில்லாமல் இருந்தது டாக்டரின் கோப்பு ஒன்றுதான். கும்பிடக் கை தூக்கியவருக்குச் சாமியே எதிரே வந்த மாதிரி ஆயிற்று. கடைசிக் கடிதத்தில் 'ஐயா, வணக்கம்' என்பதை மட்டும் நீக்கிவிட்டு மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பத்திகள் விதிகளாயின. ஏழாவது பத்தி விதி ஏழு. பதினொன்று பதினொன்றேதான்.

அரசிதழ் வந்த நாளில் டாக்டர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்.

"கல்யாண போட்டோவை எங்க வெச்சீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அலமாரியில பத்திரமா இருக்கு. அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் பொருந்தும். இது ஆறு பூராவுக்கும் பொருந்தும்."

மேலும் ஒரு மரியாதை வந்து சேர்ந்தது. அவரைக் கௌரவ ஆற்றுக் காவலராக நியமித்து, ஆரஞ்சு நிற மேல்சட்டையும், எச்சரிக்கைச் சீட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். அலுவலகத்தின் நிஜக் காவலர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சீட்டுப் புத்தகம் அச்சாகி வரவில்லை. இருந்த ஒன்றை டாக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நிஜக் காவலர் சும்மா நடந்தார், கௌரவக் காவலர் சீட்டு எழுதினார்.

ஆறு மூடிய முதல் வாரத்திலேயே பதினேழு சீட்டு. செருப்பைக் கழுவின ஒரு தபால்காரர். பந்தை எடுக்க இறங்கிய உடற்பயிற்சி ஆசிரியர். ஒருவருடைய நாய் தண்ணீரில் இறங்கியபோது, 'எந்த மனிதரும்' என்றுதானே இருக்கிறது என்று நாயின் சொந்தக்காரர் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாய்க்கயிற்றின் மறுமுனையில் இருப்பது மனிதர்தானே என்று எழுதிக் கொடுத்தார்.

பதினெட்டாவது சீட்டு மைத்துனனுக்கு. அவன் வேனைக் கழுவ, தெருக்குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தான். டாக்டர் நாடாவைப் போட்டு அளந்தார். நாற்பத்தெட்டு அடி.

"ரெண்டு அடி தள்ளி நிக்கறேன் அத்தான், விடுங்க."

"சட்டத்துக்கு அத்தானும் கிடையாது, மாப்ளேயும் கிடையாது."

அன்று மத்தியானம் மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காராமல் போய்த் துணி மடித்தாள். "உறவு முறைக்கும் சீட்டு வெச்சிருக்கீங்களான்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆற்றில் மேலே இரண்டு கிலோமீட்டரில் ஒரு தடுப்பணை. அது வேறு இலாகாவின் சொத்து. யாரோ பெரியவர் பார்வையிட வருகிறார் என்று மதகுகளுக்கு வண்ணம் பூச உத்தரவாயிற்று. பெயிண்ட் காய வேண்டும். அதற்காக ஒன்பது நாள் மதகை மூடினார்கள். மூன்றாம் நாளே கீழே ஆறு நூலாய் இளைத்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை டாக்டர் ரோந்து போனபோது, நடைபாலத்துக்கு அடியில் ஒரு குட்டைதான் மீதி இருந்தது. ஒரு படுக்கையறை அகலம், முழங்கால் ஆழம். ஆற்றின் மீன்கள் மொத்தமும் அதற்குள். புள்ளி புள்ளியாய் முதுகுகள். தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டதால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கிளினிக்கில் இத்தனை வாய்களை அவர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

முதலில் தடுப்பணை இலாகாவுக்கு ஓடினார். அங்கே இருந்த பொறியாளர் பெயிண்ட் டப்பாவின் மூடியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வேலை தண்ணி சார். மீன் வேற டிபார்ட்மென்ட்."

"தண்ணியிலதானே சார் மீன் இருக்கு?"

"இருக்கலாம். எங்க வரைபடத்துல இல்ல."

அங்கிருந்து மீன்வள அலுவலகம். அதிகாரி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"மீனை எல்லாம் பக்கெட்ல அள்ளி, அணைக்கு மேல கொண்டுபோய் விடணும் மேடம். இன்னைக்கே. நாளைக்குத் தாங்காது."

அதிகாரி விதிப் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். "'எந்தக் காரணத்துக்காகவும்'னு இருக்கே டாக்டர்."

"அது நான் எழுதினதும்மா."

"அதனாலதான் இவ்ளோ தெளிவா இருக்கு. பொதுவா எங்க விதியில ஒரு ஓட்டையாவது இருக்கும். இதுல நானும் தேடிப் பாத்துட்டேன்."

"திருத்தம் போடுங்க."

"கமிட்டி கூடணும். ஆறு மூடியிருக்கறப்ப கமிட்டி ஆத்தைப் பத்திக் கூடக் கூடாதுன்னு இருக்கு. விதி பத்தொன்பது."

விதி பத்தொன்பதையும் எழுதியது அவர்தான். முட்டையிடும் காலத்தில் யாரும் வந்து விதிகளைத் தளர்த்திவிடக் கூடாதென்று எழுதியிருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தத் தவளையாவது ஒரே ஒரு தடவைதான் கத்தியிருக்கும்.

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றார். ஆரஞ்சு மேல்சட்டை கழுத்தில் அரித்தது. இந்த ஊரில் பெரிய தண்ணீர்த் தொட்டியும், பம்பும், ஒரு டஜன் பக்கெட்டும் ஒரே இடத்தில் யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நடந்து போக ஐந்து நிமிடம். அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

மைத்துனன் வாசலில் ஒரு குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் தொண்டையைச் செருமினார். சொல்ல வந்ததை ஆற்றின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். அவன் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"எத்தனை பக்கெட் வேணும் அத்தான்?"

"மாப்ளே, அன்னைக்கு அந்தச் சீட்டு..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். நாம பேசிட்டிருக்கற வரைக்கும் மீன் காத்திருக்காது. அக்காவுக்கு போன் பண்ணுங்க, பழைய பெட்ஷீட் இருந்தா நனைச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

பதினோரு மணிக்கு மூவரும் நடைபாலத்தடியில் இருந்தார்கள். மைத்துனன் போகிற வழியில் அணைக்கு மேலிருந்து குளிர்ந்த தண்ணீரை வேன் தொட்டியில் நிரப்பி, சின்ன பம்பைப் போட்டு அதே தண்ணீரைத் தூவ விட்டிருந்தான். மீனுக்கு மூச்சு கிடைக்கும். உயிரோடு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் ருசி என்று கற்றுவைத்திருந்த வித்தை அது. கையை நனைத்துக்கொள், வயிற்றை அழுத்தாதே, தலையை முதலில் உள்ளே விடு என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தான். டாக்டர் இதே மூன்றையும் பன்னிரண்டு கடிதங்களில் எழுதியிருந்தார். ஈரப் பெட்ஷீட்டை இருவரும் இரு முனையில் பிடித்து, குட்டைக்குள் வலை மாதிரி இழுத்தார்கள்.

டாக்டர் மட்டும் கரையில் நின்றார். நீர் விளிம்பிலிருந்து அரை அடியில் அவர் செருப்பு.

"என்னங்க, பாத்துக்கிட்டே நிக்கறீங்க?" என்றாள் மனைவி, இடுப்பு வரை சேறோடு.

"எறங்கினா விதி ஏழு."

"நான் எறங்கியே கால் மணி நேரம் ஆச்சு. எனக்குச் சீட்டு எழுதறதா இருந்தா எழுதிட்டு வாங்க. ஒரு கை குறையுது."

அவர் செருப்பைக் கழற்றினார். ஜோடியாக, நேராக வைத்தார். பிறகு, எழுபதை நெருங்குகிற மனிதர், திருட்டுத்தனமாய் மாங்காய்க்குச் சுவரேறுகிறவர் போல நாலு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே கால் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. சேறு விரலிடுக்கில் புகுந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது. நாற்பது வருடமாய் அவர் பார்த்த ஒவ்வொரு மீனும் தனியாக, தூண்டில் நரம்பின் முனையில், துள்ளிக்கொண்டு, பத்து விநாடி பார்த்து விட்டுவிடுகிற மீன். இப்போது ஒன்றன்பின் ஒன்றாக, கையில் அமைதியாக, வெளிச்சத்தில் வந்தன. பழக்கதோஷம்; முதலில் வாயைத்தான் பார்த்தார்.

மேல் தாடையோரம் ஒரு வெட்டு. அடுத்ததில் உதடு கிழிந்து தழும்பாகியிருந்தது. அதற்கடுத்ததில் தாடை ஒரு பக்கமாகக் கோணி, மூடவே இல்லை. வாலில் ஒரு துண்டு குறைந்த பெரிய பெண் மீன் ஒன்று, அவருக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று முறை பிடித்து, மூன்று முறை "போய் வா" என்று சொல்லி அவர் விட்ட மீன். அதன் வாயிலிருந்து கண்ணோரம் வரை இழுத்த பழைய காயம். எதிர்முள் இல்லாத முள் காயம் செய்யாது என்று எழுதியது விதி மூன்று. டாக்டர் தொட்டிக்கு எடுத்துப் போகாமல், அந்த மீனை ஈரத் துணியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். தொழிலில் அவர் கெட்டிக்காரர். எது பெரிய மீன் கடித்தது, எது பாறையில் உரசியது, எது முள் கிழித்தது என்று பார்த்தால் தெரியும். ஆற்றின் இந்தப் பகுதியில் பொய் ஈ போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"என்ன அத்தான், செத்துப்போச்சா?"

"இல்ல. இது என் பேஷன்ட்."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். பிறகு குத்தலில்லாமல்தான் சொன்னான்: "நான் ஒரு மீனை ஒரு தடவைதான் பிடிப்பேன் அத்தான். நீங்க அதையே பத்து தடவை பிடிக்கறீங்க."

மனைவி, "ரெண்டு பேரும் பேசிட்டே அதைக் கொன்னுடாதீங்க" என்று வாங்கித் தொட்டியில் விட்டாள். அது சுற்றி ஒரு வட்டம் அடித்தது. முதல் வேன் கிளம்பியது.

நாலாவது நடைக்குத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது நிஜக் காவலர் பாலத்தின் மேல் வந்து நின்றார். கௌரவக் காவலர் ஆரஞ்சு மேல்சட்டையோடு ஆற்றுக்குள் நிற்பதைக் கண்டு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அதிகாரிக்கு போன் செய்தார். அரை மணியில் அதிகாரியின் ஜீப் வந்தது.

"டாக்டர், நான் வந்துட்டேன். இனிமே பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றார் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது.

"வேண்டாம்மா. இருக்கவும் கூடாது." டாக்டர் கரையேறி, கையைத் துடைத்து, சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். மூன்று சீட்டு எழுதினார். தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மைத்துனனுக்கு ஒன்று. தன்னுடையதில் 'பதவி: கௌரவ ஆற்றுக் காவலர்' என்றும், 'எச்சரித்தவர்' என்ற இடத்தில் மறுபடி தன்னையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

அதிகாரி மூன்றையும் வாங்கிப் படித்தார். குட்டையைப் பார்த்தார். அதில் இன்னும் பாதி மீன் இருந்தது. வரிசையாக நின்ற பன்னிரண்டு பக்கெட்டையும் பார்த்தார்.

"விதி பதினொன்னு. பக்கெட் எல்லாம் பறிமுதல்" என்றார்.

"உள்ள மீன் இருக்கு மேடம்" என்றான் மைத்துனன்.

"அதையும் சேர்த்துத்தான். பறிமுதல் பண்ணின பொருள் கெடாம பாத்துக்கறது என் பொறுப்பு. இந்த வெயில்ல ஆபீஸ்ல வெக்க முடியாது. குளிர்ச்சியான, ஆழமான, பத்திரமான இடமா வேணும்." காவலரைப் பார்த்தார். "அணைக்கு மேல அப்படி ஏதாவது இடம் இருக்கா?"

"இருக்குங்க மேடம், ஆறுதான்..."

"எழுதிக்கங்க. அரசாங்கக் காவல்ல வைக்கப்படுது. ஜீப்பைப் பின்னாடி எடுங்க."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஆட்களைச் சொல்வார்கள். விதியைக் கழுவி மீனை நழுவ விட்ட ஒருவரை டாக்டர் அன்றுதான் பார்த்தார். காலி செய்த பக்கெட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. திரும்பத் திரும்பப் பறிமுதலாயின. சாயங்காலம் நாலரை மணிக்குக் குட்டையில் இரண்டு நண்டும் ஒரு செருப்பும்தான் பாக்கி. பறிமுதல் பட்டியலில் மொத்தம் இருநூற்றுப் பதினாலு மீன். மூன்று செத்துப்போயின. அவற்றை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, மைத்துனனும் கேட்கவில்லை.

விசாரணை அடுத்த மாதம் நடந்தது. தண்டனை, ஒரு பருவத்துக்கு மீன்பிடி லைசென்ஸ் நிறுத்தம். டாக்டரிடம் லைசென்ஸ் எண் ஒன்று இருந்தது. மற்ற இருவரிடமும் லைசென்ஸே இல்லை. இல்லாததை எப்படி நிறுத்துவது என்று குமாஸ்தா கேட்டார். கடைசியில் இருவரிடமும் புகைப்படம் வாங்கி, புது லைசென்ஸ் அச்சடித்துக் கொடுத்து, அதே மேஜையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மனைவி தன் படத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லா விழுந்திருக்கு, ஒரு நகல் கிடைக்குமா?" என்று கேட்டாள். ஆண்டறிக்கையில் 'இலாகா வரலாற்றிலேயே மிகப் பெரிய பறிமுதல்' என்று வந்தது. அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ். ஆறு திறந்ததும் கமிட்டி கூடி விதி ஏழைத் திருத்தியது: 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பது அப்படியே இருக்கும், காரணம் உள்ளவர்கள் படிவம் மூன்றில் விண்ணப்பிக்கலாம், பதில் முப்பது நாளில்.

டாக்டர் அந்தப் பருவம் முழுவதும் ஆற்றுப் பக்கம் தூண்டிலோடு போகவில்லை. கௌரவப் பதவியையும் மேல்சட்டையையும் நிஜக் காவலரிடம் கொடுத்துவிட்டார். காவலர் சீட்டுப் புத்தகத்தை மட்டும் வேண்டாம் என்றார். டாக்டர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து எதையோ செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் மனைவி தேநீர் கொண்டுபோனபோது, பல் கம்பி வெட்டுகிற சின்ன இடுக்கியால், தான் கட்டிய ஈ ஒவ்வொன்றின் முள்ளையும் வளைவோடு நறுக்கிக்கொண்டிருந்தார். தட்டில் நூற்றுக்கணக்கில் முள் நுனிகள்.

"முள் இல்லாம எப்படிங்க மீன் மாட்டும்?"

"மாட்டாது. வரும், வாயில வாங்கும், பொய்யின்னு தெரிஞ்சதும் துப்பிட்டுப் போயிடும்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். அது வாதத்துல ஜெயிச்ச மாதிரி."

"யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதை இன்னும் முடிவு பண்ணல."

அடுத்த வருடம் லைசென்ஸ் திரும்பக் கிடைத்து, மறுபடி ஆறு திறந்த முதல் ஞாயிறு, டாக்டரும் மைத்துனனும் சேர்ந்தே போனார்கள். மைத்துனன் சட்டைப் பையில் லைசென்ஸ் வெளியே தெரிய, ஐம்பது அடிக்கு அப்பால் பக்கெட்டை வைத்துவிட்டு, மீன் சிக்கினால் ஓடி ஓடிப் போய்ப் போட்டு வந்தான். டாக்டர் மேல் வளைவில் நின்று முள்ளில்லாத ஈயை வீசினார். தண்ணீர் பொங்கும், நரம்பு ஒரு கணம் இழுபடும், தளரும். ஒவ்வொரு முறையும் உதட்டுக்குள்ளே எண்ணிக்கொண்டார்.

பாலத்தில் நடந்து போன தம்பதியில் கணவர் குனிந்து கேட்டார்: "எத்தனைங்க சிக்குச்சு?"

"ஆறு" என்றார் டாக்டர்.

அவர் டாக்டரின் கையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். பையும் இல்லை, பக்கெட்டும் இல்லை. மனைவியிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த மீன் பிடிக்கறவங்க இருக்காங்களே, வாயைத் திறந்தா பொய்தான்."